மீன்கண் விழுந்த நீலப்படகு

"ப்ரோ, ஏன் நிறுத்திட்டீங்க?"

நம் ரிமோட் படகுக் குழுவில் புதிதாகச் சேருகிற யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். என் பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். எரிபொருளில் ஓடும் மாதிரிப் படகுக்கு உள்ளே ரெசின் பூசி அடைப்பது, வெளியே வர்ணம் அடிப்பது, அவ்வளவுதான் அந்த வீடியோக்களில் இருக்கும். என் முகம்கூட இருக்காது, கை மட்டும். "ஹெல்த் இஷ்யூ" என்று பதில் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. செய்திமடலுக்கு எழுதித் தரச் சொன்னதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் ஓய்வு பெற்றவன் என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலை மாறினவன் என்றால் பொய். திரும்பிப் போக முடிகிறவனைத்தான் அப்படிச் சொல்லலாம்.

மெக்கானிக்கல் முடித்த கையோடு என் வகுப்பில் பாதிப் பேர் ஓசூருக்குப் பஸ் ஏறினார்கள். நானும் ஏறினேன். ஆனால் வழியில் பாலக்கோட்டிலேயே இறங்கிக்கொண்டேன். ரெஜினா அக்காவின் பட்டறை அங்கே இருந்தது.

அக்கா ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியின் பெயின்ட் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர். அதை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த பட்டுப்புழு ஷெட்டைப் பட்டறையாக்கிக்கொண்டார். பட்டுப்புழுவுக்கு ஈ ஆகாது என்பதற்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை அடித்திருந்தார்கள். ஈரப் பெயின்ட்டுக்கும் ஈ ஆகாது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் படகின் வெறும் கூட்டை அனுப்புவார்கள். அடைத்து, வர்ணம் அடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. எங்கள் என்றால் அக்காவும் நானும்.

முதல் வருடம் முழுக்க உப்புத்தாளால் கூடுகளைத் தேய்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

அக்கா திட்டமாட்டார். கூட்டைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, டியூப் லைட்டின் பிம்பம் அதன் பக்கவாட்டில் ஓடுகிற மாதிரி மெதுவாகச் சாய்ப்பார். பிம்பம் நேர்க்கோடாக ஓடினால் கீழே வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எங்காவது நெளிந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் ஒன்றை எடுத்து என் தோளில் போட்டுவிட்டுப் போவார், துண்டு போடுகிற மாதிரி. எந்த இடத்தில் நெளிகிறது என்று சொல்லமாட்டார். அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தோளில் அந்தக் காகிதத்தோடேயே பஸ் ஏறியிருக்கிறேன்.

வர்ணத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். உள்ளே அடைப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தப் படகுகளுக்கு ஊற்றுவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் விளக்கெண்ணெயும் கலந்தது. சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டை அது கரைத்துத் துடைத்துவிடும். வெளியே பட்டால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உள்ளே, எஞ்சின் உட்காரும் இடத்தில் சொட்டுவதுதான் ஆபத்து. மரம் அதைக் குடிக்கும். குடித்த இடத்தில் பிளைவுட் இதழ் இதழாகப் பிரியும். பிறகு ஒருநாள் வெளிப்புற வர்ணம் அப்பளம் மாதிரி உப்பி வரும்போதுதான் நமக்கே தெரியும்.

அதனால் முதலில் உள்ளே. கூட்டைக் காலை வெயிலில் கவிழ்த்து வைப்போம். நன்றாகச் சூடேறியதும் நிழலுக்குக் கொண்டுவந்து, ஆற ஆரம்பிக்கும்போது ரெசினைப் பூசவேண்டும். ஆறுகிற மரத்துக்குள் காற்று சுருங்கும். அப்போது மரமே ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு, சூடேறிக்கொண்டிருக்கும்போது பூசினால் குமிழி குமிழியாகத் துப்பும். ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துக் கலப்போம். கிண்ணத்தின் ஓரத்தை வழித்து வழித்துக் கலக்க வேண்டும், ஓரத்தில் கலக்காமல் நின்றது கடைசிவரை பிசுபிசுக்கும். எஞ்சின் தொட்டி, ரேடியோ பெட்டி, விசிறித் தண்டு போகும் குழாயைச் சுற்றி, பிறகு ஒவ்வொரு திருகு ஓட்டைக்குள்ளும் காது குடையும் பஞ்சுக் குச்சியால். ஓட்டையை விட்டவன் படகை விட்டவன் என்று வீடியோவில் சொல்லியிருப்பேன்.

சொல்லாததைத்தான் இப்போது எழுத வேண்டும். கையுறை இருந்தது, பெட்டி நிறைய. அதைப் போட்டால் விரலுக்கு மேடு பள்ளம் தெரியாது, ரெசின் பட்டதும் விரலோடு விரல் ஒட்டும். கழற்றிவிடுவேன். வேலை முடிந்ததும் கையைத் தின்னரால் துடைப்பேன். அக்காவும் அப்படித்தான் துடைப்பார். பெயின்ட் வேலைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். பெயின்ட்டை தின்னர் எடுத்துவிடும். ரெசினை அது எடுப்பதில்லை, தோலுக்குள் அனுப்புகிறது. பனிக்காலத்தில் ரெசின் முழுசாக இறுகக் கூடுதல் நாள் பிடிக்கும். எனக்குப் பொறுக்காது, அதற்கு முன்னாலேயே தேய்க்க ஆரம்பித்துவிடுவேன். அரைகுறையாக இறுகின தூசி முழங்கை வரை படியும். அக்காவுக்கு நான் அங்கே இருந்தவரை எதுவும் ஆகவில்லை. அதே ஷெட், அதே டப்பா, அதே தின்னர். எனக்கு ஆனது.

முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. வெயில் என்றார்கள் வீட்டில். பிறகு சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அக்கா. நான் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் கையைக் காட்டினேன். "வேலைக்கு முன்னாடி இதத் தேச்சுக்கங்க, கெமிக்கல் உள்ள போவாது" என்று ஒரு டியூபைக் கொடுத்தார்கள். நல்ல க்ரீம். கைமேல் கண்ணுக்குத் தெரியாத உறை மாதிரி படியும். கொப்புளம் அடங்கியது. நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாதப்பன் வந்தார்.

மாரண்டஹள்ளியில் மோட்டார் பம்புசெட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். யூடியூப் பார்த்துப் பார்த்துத் தானே பிளைவுட்டில் ஒரு படகுக் கூட்டைச் செய்திருந்தார். கை நீளத்துக்கு, அடிப்பக்கம் கத்தி மாதிரி கூராக. எங்களுக்கு வருகிற பெங்களூர்க் கூடுகளைவிட நேராக இருந்தது.

"எங்கூரு ஏரி எத்தினியோ வருசங்கழிச்சு ரொம்பியிருக்குதுங்க மேடம். தண்ணி வத்தறதுக்குள்ள இத வுட்டுப் பாத்துரணும். நீலம் அடிச்சுக் குடுங்க. நல்ல கருநீலம். மொகம் தெரியணும்."

"மொகம் தெரியற மாதிரி அடிச்சா கீறல் வுழுந்தா அசிங்கமா தெரியுங்களே," என்றார் அக்கா.

"என் மொகமே அசிங்கந்தானுங்க, பரவால்ல."

உள்ளே அடைக்கும் வேலை முழுவதும் என்னுடையது. அதைப் போல ஒரு வேலையை நான் செய்ததில்லை. எஞ்சின் தொட்டிக்குள் விரலை விட்டுத் தடவினால் கண்ணாடிக் கிண்ணத்தின் உள்பக்கம் மாதிரி இருக்கும். வெளியே மெல்லிய கண்ணாடி நார்த் துணி போட்டு ரெசின் ஏற்றி, தேய்த்து, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, மறுபடி தண்ணீரில் தேய்த்து முடித்தோம். அக்கா கூட்டைச் சாய்த்துப் பார்த்தார். பிம்பம் நேராக ஓடியது. கீழே வைத்துவிட்டு ஸ்ப்ரே கன்னைக் கழுவப் போனார்.

நீலத்தை அக்காதான் அடித்தார். முதல் வீச்சிலேயே கையை நிறுத்திவிட்டார். ஈரமான நீலம் சில இடங்களில் வட்டம் வட்டமாக விலகியது. ஏதோ சுட்டுவிட்ட மாதிரி பெயின்ட் அந்தப் புள்ளியை விட்டு ஓடுகிறது, நடுவில் பிரைமரின் சாம்பல் நிறம் முழிக்கிறது. மீன்கண் என்போம். எண்ணெய்ப்பசை எங்காவது இருந்தால் விழும். துடைத்தெடுத்தோம், தேய்த்தோம், மறுபடி அடித்தார். மறுபடி மீன்கண். முன்னைவிட அதிகமாக.

கம்ப்ரஸரில் எண்ணெய் கசிகிறதா என்று குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. தின்னர் டப்பாவை மாற்றினோம். அக்கா தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினார், முடியைத் துணியால் கட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுப்பதைக்கூடச் சந்தேகப்பட்டோம். ஒவ்வொரு தடவையும் நான்தான் தேய்த்தேன், நான்தான் கடைசியாகக் கையால் தடவித் தூசி பார்த்தேன்.

மாதப்பன் நடுவில் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "ஆயித்தா மேடம்?" என்று, முடிந்ததா எனக் கன்னடத்தில் கேட்டபடி வந்தவர் படகைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அய்யய்யோ, என் போட்டுக்கு அம்மை வாத்திருச்சா?"

"கொஞ்சம் டைம் குடுங்க."

"வேணும்னா வேப்பெல ஒடிச்சாரட்டுங்களா? தண்ணி வேற எறங்கிட்டே வருதுங்க. ஆத்தாளக் கும்புட்டுட்டாவது முடிச்சுக் குடுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போகும்போது படகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று மத்தியானம் அக்கா பழைய தகரத் துண்டுகளைத் தேடி எடுத்தார். ஒன்றைத் தன் கையால் துடைத்தார், இன்னொன்றை என்னைத் துடைக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீலம் அடித்தார். அவருடையது கண்ணாடி. என்னுடையதில் மீன்கண்கள் வரிசையாக விழுந்தன. வளைவு வளைவாக, பெருவிரல், ஆள்காட்டி விரல், உள்ளங்கையின் ஓரம். என் கையை அப்படியே அச்சு எடுத்த மாதிரி.

"கையக் காட்டு."

காட்டினேன்.

"என்னடா தேச்சிருக்க?"

டியூபைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். சிலிகான். பெயின்ட் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே போதும், அது பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது. ஓசூரில் அதை மேலே பூசிக்கொண்டு யாரும் ஷெட்டுக்குள் வரக் கூடாது என்று கதவிலேயே எழுதிப் போட்டிருப்பார்களாம்.

"இத நிறுத்து," என்றார். "கழுவிட்டு வா. கிளவுஸ் போடு."

நிறுத்தினேன். சில நாளிலேயே கை வெடித்தது. விரல் மடிக்கிற இடமெல்லாம் கத்தியால் கீறின மாதிரி. கையுறைக்குள் வேர்த்து மணிக்கட்டு வரை ஏறியது. ஒருநாள் காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் வீங்கிக் கிடந்தன. இமையில் நான் எதையும் பூசவில்லை, கையால் தொடவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. க்ரீம் போட்டால் கை பிழைக்கும், படகு கெடும். போடாவிட்டால் படகு பிழைக்கும். இந்த இரண்டையும் மனதுக்குள் எடைபோட்டுக்கொண்டு சேலத்துக்குத் தோல் டாக்டரிடம் போனேன்.

பட்டறையில் நான் தொடுகிற பொருள்களை முதுகில் சின்னச் சின்னதாக ஒட்டி, சில நாள் கழித்து வரச் சொல்லிப் பிரித்துப் பார்த்தார். ரெசின் வைத்த இடம் மட்டும் சிவந்து கொதித்துப் போயிருந்தது.

"இது புண்ணு இல்லீங்க தம்பி, மருந்து போட்டு ஆத்தறதுக்கு. உங்க உடம்பு இத எதிரின்னு ஞாபகம் வெச்சிருச்சு. இனிமே மறக்காது."

"கிளவுஸ் போட்டு, மாஸ்க் போட்டு செஞ்சா?"

"அது கலக்கற ரூம்லயே நிக்காதீங்க. இப்ப இமையில வருது. நாளைக்கு மூச்சுல வரலாம்."

பஸ்ஸில் திரும்பும்போது மனதில் ஒரு திட்டம் போட்டேன். ரெசினை விட்டுவிடுவது, வர்ணம் மட்டும் அடிப்பது. ஷெட்டை நடுவில் தடுத்து, காற்றை வெளியே தள்ளுகிற விசிறி போட்டு, நான் ஒரு பக்கம், ரெசின் ஒரு பக்கம். விசிறி எங்கே வரவேண்டும் என்றுகூடப் படம் வரைந்துவிட்டேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டார்.

"அக்கா, இந்த ஒரு போட்ட மட்டும் நானே முடிச்சர்றனே."

"அடுத்த போட்டுக்கும் இதையேதாண்டா சொல்லுவ."

"சொல்லமாட்டன்."

"சொல்லுவ. நானா இருந்தா சொல்லுவேன்." கொஞ்ச நேரம் ஸ்ப்ரே கன்னின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீ வூட்ல இரு. தோல் முழுசா ஆறட்டும். ஆறினதுக்கப்புறம் பெயின்ட்டு மட்டும் முடியுமான்னு பாக்கலாம். அதுவரைக்கும் கேட்டத் தாண்டி வராத."

வீட்டில் இருந்தேன். கை ஆறியது. அவ்வளவு சீக்கிரம் ஆறும் என்று நானே நினைக்கவில்லை. புதுத் தோல், குழந்தைத் தோல் மாதிரி. தினமும் காலையில் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அம்மா "கைரேகையா பாக்கற?" என்று கேட்பார். டாக்டர் சொன்னது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது, எனக்கு அப்படி இருக்காது என்று நம்ப ஆரம்பித்தேன்.

அக்கா படகை முழுக்கத் தேய்த்து, கழுவி, மறுபடி பிரைமரிலிருந்து தொடங்கித் தனியாக முடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் விடுகிறோம், வா என்று போன் செய்தார்.

கரையில் அந்தப் படகின் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். அதன் பக்கவாட்டில் வானமும் கருவேல மரமும் மாதப்பனின் மீசையும் தெரிந்தன. தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது, ஆனாலும் போதும். நான் அக்காவிடம் இரண்டு கையையும் நீட்டினேன். திருப்பிப் பார்த்தார், இமையைப் பார்த்தார்.

"நாளைக்கு வா," என்றார். "பெயின்ட்டு மட்டும். விசிறி வாங்கி வெச்சிருக்கேன்."

அன்றைக்கு நான் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்று படகைப் பிடித்துக்கொண்டேன். மாதப்பன் எஞ்சினைக் கிளப்பினார். கையெல்லாம் அதிர்ந்தது. தள்ளிவிட்டேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. கரையில் ஆடு மேய்த்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மாதப்பன் "ஓட்றா ஓட்றா" என்று அதைப் பார்த்துக் கத்தினார், ரிமோட் தன் கையில் இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி. எரிபொருள் தீரும்வரை ஓட்டினார். நடு ஏரியில் சத்தம் நின்றது.

"முழுகிராதே தம்பி?"

"முழுகாதுங்க."

காற்று அதை எதிர்க்கரைக்குத் தள்ளியது. நான் ஏரிக்கரையைச் சுற்றி ஓடினேன். புதருக்கிடையில் மோதி நின்றிருந்தது, ஒரு கீறல் இல்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரேடியோ பெட்டியின் மூடியைத் திறந்தேன். அடைத்தவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். பெட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், விரலால் மூலை மூலையாகத் தடவினேன். ஒரு சொட்டு இல்லை. எஞ்சின் தொட்டியில் சிந்தின எண்ணெய் மேலாகவே நின்றது, மரத்துக்குள் இறங்கவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல சந்தோஷம் என்று அன்றைக்கு அனுபவித்ததைத்தான் சொல்வேன்.

ஆன்டெனாக் குழாயை மாற்றி வைக்க வேண்டியிருந்ததால், அந்தப் பெட்டிக்குள் ஒரு மூலையில் அக்கா இரண்டு நாளுக்கு முன்னால்தான் புதிதாக ரெசின் வைத்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது. நான் மூடியைத் திறப்பேன் என்று அவருக்கும் தெரியாது. நான் எதிர்க்கரையில் இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் இடது கண் திறக்கவே இல்லை. வலது கண் பாதி. விரல் இடுக்கில் பழைய இடங்களிலெல்லாம் பழையபடி. ஒரு மூலையில் வைத்த, இறுகிவிட்டதாக எல்லோரும் நினைக்கிற கொஞ்சூண்டு ரெசின். அதற்கே இப்படி.

அப்படியும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். எதற்காக என்று கேட்டால் தெரியாது. வரச் சொல்லியிருந்தார், போனேன். ஷெட்டின் உள்ளே புது விசிறி பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் சுவரில் மாட்டியிருந்தது. அக்கா கதவருகில் வந்தார்.

"கண்ணாடியக் கழட்டு."

கழற்றினேன். லைட்டில் கூட்டைப் பார்க்கிற மாதிரி என் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ கேட்கப்போய் நிறுத்திக்கொண்டார். ரேடியோ பெட்டி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு அடி பின்னால் போய், வலைக்கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து கொக்கியை மாட்டினார். வேகமாக இல்லை, சத்தம் வராமல். நான் வெளியே, அவர் உள்ளே. வலைக்கு அந்தப் பக்கம் முகம் சரியாகத் தெரியவில்லை.

"சாப்டியாடா?"

"ஆச்சுக்கா."

"நில்லாத. காத்து இந்தப் பக்கந்தான் அடிக்குது."

நான் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். உள்ளே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது.